ஒரு நடையா, இரண்டு நடையா?
பிக்கப் வாகனத்தில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதை நாமே கணக்கிடுவோம்



இடப்பெயர்வு நமக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுத் தந்தது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோதும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் மீண்டும் மீண்டும் இடம் மாறியபோதும், கிடைத்த வாகனத்தில் நெல் மூடை, கூரைத் தகரம், நீர் இறைக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் ஏற்றி, அவற்றின் மேல் பிள்ளைகளையும் இருத்தினோம். திரும்பி வந்து இன்னொரு நடை ஏற்றலாம் என்ற நிச்சயம் எவருக்கும் இருக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுபோவதே அன்றைய நியாயம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் நெல்லை ஆலைக்குக் கொண்டுபோகும்போதும், வீடு கட்டச் சீமெந்தும் மணலும் ஏற்றும்போதும் அதே பழக்கம் தொடர்கிறது. இப்போது அதற்குக் காரணம் வாடகைக் காசும் டீசல் காசும்தான். இந்தப் பாடத்தில் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: ஒரு பிக்கப் எவ்வளவு பாரத்தைப் பாதுகாப்பாகச் சுமக்கும், எவ்வளவு பாரத்தை இழுக்கும்?

1. தட்டு நிறைவது அளவல்ல

"தட்டில் இடமிருக்கிறது, எஞ்சின் இழுக்கிறது, ஆகவே ஏற்றலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். எஞ்சின் இழுப்பது பெரிய காரியமல்ல. மாடு குறுக்கே வந்தால் பிறேக் நிறுத்த வேண்டும். கிடங்கில் விழுந்தால் அச்சு தாங்க வேண்டும். வெயிலில் கொதிக்கும் வீதியில் ரயர் வெடிக்காமல் இருக்க வேண்டும். வாகனத்தைச் செய்தவர்கள் இவை எல்லாவற்றையும் பார்த்தே ஓர் எல்லையை வைத்திருக்கிறார்கள்.

அந்த எல்லையை அறிய இரண்டு எண்கள் போதும். ஒன்று, பாரம் ஏற்றாத வாகனத்தின் நிறை. மற்றது, வாகனமும் பாரமும் ஆட்களும் சேர்ந்து இருக்கக்கூடிய ஆகக்கூடிய மொத்த நிறை. வாகனப் பதிவுப் புத்தகத்திலும், வாகனத்தோடு வந்த கைநூலிலும், கதவோரத்தில் அடித்திருக்கும் தகட்டிலும் தேடிப் பாருங்கள். இரண்டாவது எண்ணிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதே நமக்கு உள்ள இடம். அதற்குள் சாரதியும் அடக்கம், கூட வருபவர்களும் அடக்கம்.

2. ஒரு கணக்கு

உதாரணமாக ஒரு பிக்கப்பின் வெற்று நிறை 1,700 கிலோ, ஆகக்கூடிய மொத்த நிறை 2,800 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

2,800 – 1,700 = 1,100 கிலோ.
முன்னால் மூன்று பேர், ஆளுக்கு 65 கிலோ: 195 கிலோ.
தாங்கி நிறைய டீசல்: ஏறத்தாழ 50 கிலோ.
தட்டில் ஏற்ற மிஞ்சுவது: 855 கிலோ.

இனி இந்த 855 கிலோவை நமக்குத் தெரிந்த பொருட்களாக மாற்றுவோம்.

நெல்: மூடை 65 கிலோ என்றால் 13 மூடை. ஈரநெல் இதைவிடப் பாரம். உங்கள் மூடையை ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்.
சீமெந்து அல்லது யூரியா: பை 50 கிலோ. ஆகவே 17 பை.
தண்ணீர்: ஒரு லீற்றர் ஒரு கிலோ. 1,000 லீற்றர் தாங்கி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 1,000 கிலோ. இந்த வாகனத்துக்கு அது கூடாது.
மணல்: ஒரு கன அடி ஏறத்தாழ 45 கிலோ. ஆகவே 19 கன அடி மட்டும். ஏழரை அடி நீளமும் ஐந்து அடி அகலமும் உள்ள தட்டில் இது ஆறு அங்குல உயரம்தான் வரும். ஈரமணல் என்றால் அதிலும் குறைவு. ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது நாலரைத் தொன்.

வைக்கோலை மலைபோல் ஏற்றினாலும் நிறை எல்லையைத் தாண்டாது. மணல் தட்டின் பாதிக்கு வருமுன்பே தாண்டிவிடும். கண் நிறையைக் காட்டாது, தராசுதான் காட்டும்.

சிறிய வாகனங்களில் எல்லை இன்னும் குறைவு. ஜப்பானிய மினி லொறிகளுக்கு அந்த நாட்டில் அனுமதிக்கப்பட்ட பாரம் 350 கிலோ மட்டுமே. அது சீமெந்து என்றால் 7 பை.

3. பாரம் எங்கே இருக்க வேண்டும்?

துலா மிதித்துத் தண்ணீர் இறைத்ததைக் கண்டவர்களுக்கு இது இலகுவில் விளங்கும். துலாவில் ஆள் பின்னுக்குப் போகப் போக முன்பக்கம் எழும்பும். பிக்கப்பிலும் பின்னச்சுதான் துலாவின் தாங்கு மரம். அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால் முன்சில்லுகள் வீதியை இறுகப் பிடிக்காது. சுக்கானைத் திருப்பினாலும் வாகனம் நேரே போகும். முன் பிறேக்கின் பலனும் குறையும். இரவில் முன்விளக்கு மேல்நோக்கி எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும்.

ஆகவே பாரமான மூடைகளைத் தட்டின் முன்பக்கத்தில், சாரதி ஆசனத்துக்குப் பின்னால், தாழ்வாக அடுக்குங்கள். இலேசானவை பின்னாலும் மேலாலும் வரட்டும். எல்லாவற்றையும் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். பாரத்தின் மேல் ஆட்களை, முக்கியமாகப் பிள்ளைகளை, ஏற்ற வேண்டாம். மூடை சரிந்தால் முதலில் விழுவது அவர்கள்தான்.

4. பின்னால் பெட்டி கொழுவும்போது

இழுக்கும் பாரத்துக்கு வேறோர் எல்லை உண்டு. பெட்டியின் சொந்த நிறையையும் அதில் ஏற்றியதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பெட்டிக்கெனத் தனிப் பிறேக் இல்லாவிட்டால், பல பிக்கப் வாகனங்களுக்கு அந்த எல்லை 750 கிலோ. சிறிய வாகனங்களுக்கு இதிலும் குறைவு. உங்கள் வாகனத்தின் கைநூலில் உள்ளதையே பின்பற்றுங்கள். பெட்டி 250 கிலோ என்றால், தாங்கியும் தண்ணீரும் சேர்ந்து 500 கிலோவுக்குள் நிற்க வேண்டும்.

பெட்டியில் பாரம் சற்று முன்னுக்கு இருக்க வேண்டும். மொத்த நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொழுக்கியை அழுத்துவது நல்லது. அந்தப் பங்கை பிக்கப் சுமக்கும் பாரத்தோடும் கூட்டுங்கள். பின்பக்கம் பாரம் கூடினால் வேகத்தில் பெட்டி பாம்புபோல் நெளிந்து பிக்கப்பையும் இழுத்துக்கொண்டு போகும். அரைவாசி நிறைந்த தாங்கியில் தண்ணீர் அலையடிப்பதும் இதே ஆபத்தைத் தரும்.

உழவு இயந்திரத்தின் பெட்டியைப் பிக்கப்பில் கொழுவ வேண்டாம். அது மெதுவான ஓட்டத்துக்குச் செய்யப்பட்டது. வெறும் பெட்டியே பல நூறு கிலோ.

5. தகடு கூட்டினால் எல்லை கூடுமா?

கூடாது. பின்வில்லுக்கு இன்னொரு தகடு போட்டால் வாகனம் தாழாமல் நிற்கும். ஆனால் பிறேக், அச்சு, ரயர் எல்லாம் பழையவையே. முன்பு வாகனம் தாழ்ந்து நம்மை எச்சரித்தது. தகடு போட்டபின் அந்த எச்சரிக்கையும் இல்லாமல் போகிறது.

ரயரின் பக்கத்தில் அதன் அளவுக்குப் பிறகு ஓர் எண் இருக்கும். அது கிலோ அல்ல, ஒரு குறியீடு. 91 என்றால் அந்த ரயர் 615 கிலோ தாங்கும். 100 என்றால் 800 கிலோ, 104 என்றால் 900 கிலோ. அதுவும் சரியான காற்று இருந்தால்தான். காற்றுக் குறைந்த ரயர் நசிந்து நசிந்து சூடேறி வெடிக்கும்.

வேகத்தையும் மறக்க வேண்டாம். வேகம் இரண்டு மடங்கானால், பிறேக் பிடித்தபின் நிற்க எடுக்கும் தூரம் நான்கு மடங்காகும். பாரத்தோடு போகும்போது மெதுவாகப் போங்கள். முன்னால் போகும் வாகனத்துக்கு இடைவெளி விடுங்கள்.

6. இரண்டாம் நடையின் விலை

இரண்டாம் நடைக்கு டீசலும் நேரமும் செலவாகும் என்பது உண்மை. மறுபக்கத்தையும் எழுதிப் பாருங்கள்: ஒரு ரயர், ஒரு அச்சு, வாய்க்காலில் கொட்டுண்ட நெல், வாகனம் கராஜில் நிற்கும் நாட்களிலும் கட்ட வேண்டிய லீசிங் காசு. ஆளுக்குக் காயம் வந்தால் அதற்கு விலையே இல்லை. கமக்காரர் அமைப்பாகச் சேர்ந்து வாகனம் பிடித்தால், பலருடைய பொருளை முறைவைத்து ஏற்றி இரண்டாம் நடையின் செலவைப் பங்கிடலாம். அன்று இரண்டாம் நடைக்கு வழியிருக்கவில்லை. இன்று இருக்கிறது.

கலந்துரையாடலுக்கு:

1. உங்கள் ஊரில் ஓடும் ஒரு பிக்கப்பின் இரண்டு எண்களையும் கண்டுபிடித்து, தட்டில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று கணக்கிடுங்கள்.
2. அது எத்தனை மூடை நெல், எத்தனை பை சீமெந்து, எத்தனை கன அடி மணல்?
3. அந்த எண்களை எல்லோரும் காணும்படி வாகனத்தின் பின்கதவில் எழுதிவைக்க உரிமையாளர் சம்மதிப்பாரா? வாடகைக்குப் பிடிக்கும் நாம் அதை மதிப்போமா?