எரியாத திட எரிபொருள்

கேள்வி: திட எரிபொருள் ராக்கெட்டைப் பற்றவைத்துவிட்டால் நடுவில் அணைக்க முடியாது என்கிறார்கள். மின்சாரத்தில் இயங்கும் த்ரஸ்டரிலும் திடப்பொருள் வைக்கிறார்களாமே, அதை எப்படிக் கட்டுப்படுத்துவார்கள்?
– பொறியியல் மாணவி, திருநெல்வேலி

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டம் அப்படிப்பட்டதே. ஆனால் மின் த்ரஸ்டரில் திடப்பொருள் எரிவதே இல்லை. ஆற்றல் சூரியத் தகடுகளிலிருந்து வருகிறது. திடப்பொருள் வெறுமனே வெளியே வீசப்படும் சரக்கு. மின்சாரத்தை நிறுத்தினால் உந்துதலும் நின்றுவிடும்.

இதில் மூத்தது துடிப்பு பிளாஸ்மா த்ரஸ்டர். சரக்கு, நம் தோசைக்கல்லில் பூசும் அதே டெஃப்லான். இரண்டு மின்முனைகளுக்கு நடுவே ஒரு டெஃப்லான் கட்டை. ஸ்பார்க் பிளக் ஒரு பொறியைக் கிளப்பியதும், மின்தேக்கியில் சேர்த்துவைத்த மின்சாரம் கட்டையின் முகத்தை ஒட்டிச் சில மைக்ரோநொடிகளில் பாய்ந்து தீரும். மெல்லிய ஒரு படலம் ஆவியாகிப் பிளாஸ்மாவாகும். அந்த மின்னோட்டமே உண்டாக்கும் காந்தப்புலம் பிளாஸ்மாவை நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வெளியே தள்ளும். கட்டை தேயத் தேயப் பின்னாலிருக்கும் ஸ்பிரிங் அதை முன்னே நகர்த்தும். அசையும் பாகம் அவ்வளவுதான். தொட்டி இல்லை, வால்வு இல்லை, கசிவு இல்லை. இவ்வளவு எளிமையான விண்வெளிக் கருவி வேறு உண்டா என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

1964-இல் சோவியத் யூனியன் செவ்வாய்க்கு அனுப்பிய ஸோண்ட்-2, திசை திருப்ப இதைத்தான் சுமந்து சென்றது. 2000-இல் நாசா ஏவிய இ.ஓ.-1 செயற்கைக்கோளிலும் இது சோதிக்கப்பட்டது. உந்துவிசை ஒரு மில்லிநியூட்டனுக்கும் குறைவு. கொடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வீணாகிவிடுவதுதான் இதன் பெரிய குறை.

அடுத்த தலைமுறை அயோடின். அந்துருண்டையைப் போல, சூடேற்றினால் உருகாமலே ஆவியாகும். அந்த ஆவியை அயனியாக்கி மின்புலத்தால் விரட்டுவார்கள். செனான் வாயுவுக்கு வேண்டிய உயரழுத்தத் தொட்டி இதற்குத் தேவையில்லை, விலையும் குறைவு. பிரான்ஸின் த்ரஸ்ட்மீ நிறுவனம் 2020 நவம்பரில் ஏவப்பட்ட ஒரு சீனச் செயற்கைக்கோளில் இதை இயக்கிக் காட்டியது. அயோடின் உலோகத்தை அரிக்கும், அதனால் பாகங்களைப் பாதுகாக்க செராமிக்கும் பாலிமரும் துணைக்கு வேண்டும்.

உங்கள் கல்லூரியில் சிறு செயற்கைக்கோள் செய்யும் குழு இருந்தால், டெஃப்லானில் தொடங்குங்கள் என்பேன். ஒரு எச்சரிக்கை: மின்தேக்கியில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், சுவிட்சை அணைத்த பிறகும் போகாது. பேராசிரியர் பக்கத்தில் இல்லாமல், மின்னிறக்கம் செய்யாமல், அதன் மேல் கை வைக்காதீர்கள்.