விதிகள் வளர்த்த விறுவிறுப்பு

நுழையும்முன்

விளையாட்டின் விறுவிறுப்பு வீரரின் கால்களிலும் தோள்களிலும் மட்டும் பிறப்பதன்று. அவ்விளையாட்டை ஆளும் விதிகளிலும் பிறக்கிறது. ஒரே வேரிலிருந்து கிளைத்த கால்பந்து, ரக்பி, அமெரிக்கக் கால்பந்து ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு அவ்வுண்மையை விளக்குகிறது இப்பாடம்.

ஒரு வேர், மூன்று கிளைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இங்கிலாந்தின் பள்ளிகள் தத்தமக்குரிய விதிப்படி பந்தாடின. ரக்பி நகரப் பள்ளி மாணவர்கள் 1845இல் தம் ஆட்டவிதிகளை எழுத்தில் வடித்தனர். அவர்தம் ஆட்டத்தில் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். அனைவர்க்கும் பொதுவான விதி காணும் நோக்கில், 1863 அக்டோபரில் இலண்டனில் பல குழுக்களின் பேராளர்கள் கூடிக் கால்பந்துச் சங்கத்தை நிறுவினர். பந்தை ஏந்தி ஓடுவதும், எதிரணியினரின் கணைக்காலை உதைப்பதும் விலக்கப்பட்டன. உதைப்பதை நீக்கினால் ஆட்டத்தின் வீரமே அழியும் என வாதிட்ட பிளாக்ஹீத் குழு வெளியேறியது. 1871இல் ரக்பிக்கெனத் தனி ஒன்றியம் தோன்றியபோது அக்குழுவும் அதில் இணைந்தது. ஆயினும், அவ்வொன்றியமும் கணைக்காலை உதைப்பதைத் தன் முதல் விதிகளிலேயே தடைசெய்தது.

அமெரிக்காவில் 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் அணிக்கு 25 பேராக மோதின. 1874இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துடன் ஆடிய ஹார்வர்டு மாணவர்கள் ரக்பி முறையை விரும்பி ஏற்றனர். அம்முறையை வால்ட்டர் கேம்ப் என்பவர் 1880 முதல் படிப்படியாக மாற்றியமைத்தார். அதுவே அமெரிக்கக் கால்பந்தாயிற்று.

காத்திருப்பின் சுவை

கால்பந்தில் கோல் அரிது. 90 நிமிட ஆட்டம் ஒரு கோலும் இன்றி முடிவதுண்டு. இவ்வருமையே அதன் வலிமை. ஒரு கோல் முழு ஆட்டத்தையும் புரட்டிவிடும் என்பதால் ஒவ்வொரு நகர்வும் எதிர்பார்ப்பை வளர்க்கிறது. 2022 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் 80ஆம் நிமிடம் வரை அர்ஜென்டினா 2–0 என முந்தியிருந்தது. பிரான்சின் எம்பாப்பே 97 நொடி இடைவெளியில் இருமுறை பந்தை வலைக்குள் செலுத்தினார். கூடுதல் நேரத்தின் முடிவில் 3–3 எனச் சமநிலை எய்திய அவ்வாட்டத்தைப் பெனால்டி உதைகளில் அர்ஜென்டினா வென்றது.

பின்வழங்கி முன்னேறல்

ரக்பியில் கையால் பந்தை முன்னோக்கி எறியலாகாது. தோழருக்குப் பின்னோக்கி வழங்கியே அணி முன்னேற வேண்டும். பந்தை ஏந்தியவர் வீழ்த்தப்பட்டாலும் ஆட்டம் பெரும்பாலும் நிற்பதில்லை. வீழ்ந்தவரைச் சூழ்ந்து பந்துக்கான போர் தொடர்கிறது. இடையறாத இப்போராட்டமே ரக்பியின் விறுவிறுப்பு.

2015 உலகக்கோப்பையில் வலிமைமிக்க தென்னாப்பிரிக்காவிடம் ஜப்பான் 29–32 எனப் பின்தங்கியிருந்தது. இறுதி நொடிகளில் கிடைத்த பெனால்டியை உதைத்து மூன்று புள்ளிகள் பெற்றால் சமநிலை எய்தலாம். அணித்தலைவர் மைக்கேல் லீட்ச் அதனைத் தவிர்த்து வெற்றியையே நாடினார். ஜப்பான் 34–32 என வென்றது.

நிறுத்தமும் பாய்ச்சலும்

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குச் செல்லும். ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் ஆட்டம் நிற்பதால் 60 நிமிட ஆட்டம் ஏறத்தாழ மூன்று மணிநேரம் நீள்கிறது. புதியவர்க்கு அந்நிறுத்தம் சலிப்பூட்டலாம். பழகியவர்க்கோ அது சதுரங்கக் காய் நகரும்முன் நிலவும் அமைதி. ஓடுவார்களா, எறிவார்களா என்னும் ஐயம் ஒவ்வொரு முறையும் புதிதாய்ப் பிறக்கிறது. 2017 சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் 3–28 எனப் பின்தங்கிய நியூ இங்கிலாந்து அணி, இவ்வாறு அடிமேல் அடிவைத்து முன்னேறிக் கூடுதல் நேரத்தில் 34–28 என வென்றது.

ஆட்டமா, உயிரா?

விறுவிறுப்புக்கு விலையும் உண்டு. அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் இளைஞர் பலர் உயிரிழந்ததால், 1905இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் மூன்று பல்கலைக்கழகங்களின் பேராளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டு விதிகள் திருத்தப்பட்டன. பந்தை முன்னோக்கி எறிய ஒப்புதல் கிடைத்தது. நெருக்கியடித்து மோதிய கூட்டம் களமெங்கும் பரவியது. இன்று பார்வையாளர் வியந்து போற்றும் நெடுந்தொலைவு எறிதல், உயிர்காக்க எழுந்த திருத்தத்தின் கொடையேயாகும்.

அத்திருத்தத்தோடு இடர் ஒழிந்துவிடவில்லை. 2002இல் மறைந்த மைக் வெப்ஸ்டர் என்னும் முன்னாள் வீரரின் மூளையை ஆராய்ந்த மருத்துவர் பென்னெட் ஒமாலு, தொடர் தலைமோதல்களோடு தொடர்புடைய மூளைச்சிதைவைக் கண்டறிந்தார். ரக்பியில் தோளுக்கு மேல் பிடித்து வீழ்த்துவது தண்டனைக்குரியது. கால்பந்திலும் பத்து வயதுக்குட்பட்ட சிறார் பந்தைத் தலையால் முட்டலாகாது என அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015இல் அறிவித்தது.

உதைப்பதைத் தடுத்தால் வீரம் அழியும் என்ற அன்றைய அச்சம் பொய்த்தது. மூன்று விளையாட்டுகளும் வன்மையைக் குறைத்தே வளர்ந்தன. எது மிகுந்த விறுவிறுப்புடையது என்பதைச் சுவைப்போர் தீர்மானிக்கலாம். ஆடுவோர் நலமுடன் இல்லம் திரும்ப வேண்டும் என்பதில் இருகருத்துக்கு இடமில்லை.

தெரிந்து தெளிவோம்

ரக்பியில் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பது 'ட்ரை' எனப்படும். முயற்சி என்பது இதன் பொருள். தொடக்கத்தில் இதற்குப் புள்ளி இல்லை. பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்துக் கோலடிக்க முயலும் உரிமை மட்டுமே கிடைத்தது. இன்று இதற்கு ஐந்து புள்ளிகள்.

சிந்தனை வினாக்கள்

1. கோல் அரிதாக இருப்பது கால்பந்துக்கு வலிமை சேர்ப்பது எங்ஙனம்?
2. 1906ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்பையும் விறுவிறுப்பையும் ஒருங்கே வளர்த்ததை விளக்குக.
3. உங்கள் ஊரில் ஆடப்படும் விளையாட்டு ஒன்றின் விதியை எடுத்துக்கொண்டு, அது விறுவிறுப்பை உண்டாக்கும் முறையை எழுதுக.