குழாயில் வேகம் குறைவு: மீன் தொட்டிக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஆகுமா?

கேள்வி: தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வேகமாக வருவதில்லை. சமையலறை ஆர்.ஓ. கருவியின் தண்ணீரைக் கடல்மீன் தொட்டிக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: பம்ப் உள்ள கருவி என்றால் பயன்படுத்தலாம். ஆர்.ஓ. சவ்வு சரியாக வேலை செய்ய ஏறத்தாழ 40 முதல் 60 பி.எஸ்.ஐ. வரை அழுத்தம் தேவை. மாடித் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் கிடைப்பது சுமார் 14 பி.எஸ்.ஐ.தான். அழுத்தம் குறைந்தால் நல்ல தண்ணீர் சொட்டுச் சொட்டாகவே வரும். அதில் உப்பின் அளவும் கூடும். கடலோர உவர் நிலத்தடி நீருக்கு அழுத்தம் இன்னும் அதிகம் வேண்டும். வீட்டுக் கருவிகள் பலவற்றில் 24 வோல்ட் பூஸ்டர் பம்ப் உள்ளேயே இருக்கும். இல்லாவிட்டால் சவ்வுக்கு முன்னால் பொருத்திக்கொள்ளலாம்.

குடிநீரின் சுவைக்காகத் தாது சேர்க்கும் கேட்ரிட்ஜுக்கு முன்பே மீன் தொட்டிக்கான தண்ணீரைப் பிரித்தெடுக்க வேண்டும். டி.டி.எஸ். கூட்டும் திருகு இருந்தால் அதை மூடிவிட வேண்டும். அது சவ்வின் வழியே செல்லாத நீரைக் கலக்கிறது.

மன்னார் வளைகுடாவின் கடல்நீரைத் தொட்டியில் நிரப்புவோர், துறைமுகத்திலிருந்து விலகிய இடத்தில் எடுப்பது நல்லது. தொட்டியில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எனவே குறைந்த அளவை ஆர்.ஓ. நீரால்தான் ஈடுகட்ட வேண்டும். நன்னீர் மீன்களுக்கு வெறும் ஆர்.ஓ. நீர் ஆகாது, குளோரின் நீக்கிய குழாய் நீரை அதனுடன் கலக்க வேண்டும்.