பழைய டோசர் கீழிருந்துதான் தேயும்

பழைய டோசர் வாங்கப் போகிற இளைஞர்கள் சில வேளை என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். போனதும் அவர்கள் எஞ்சினைத்தான் பார்ப்பார்கள். ஸ்ரார்ட் எடுக்கச் சொல்லிப் புகையின் நிறம் பார்ப்பார்கள், சத்தம் கேட்பார்கள். நான் குனிந்து செயினைப் பார்ப்பேன். டோசர் ஒன்றுக்கு அதன் ஆயுள் முழுக்கச் செய்யும் பராமரிப்புச் செலவில் ஏறத்தாழப் பாதி அண்டர்கரேஜுக்கே போகிறது. எஞ்சினை எங்கள் ஊர்ப் பாஸ்மார் எப்படியும் எழுப்பிவிடுவார்கள். செயின், றோலர், ஐட்லர், ஸ்புறொக்கற் எல்லாம் ஒன்றாகப் போய்விட்டால், அந்த டோசர் வாங்கிய காசைவிடக் கூடுதலாகக் கேட்கும்.

யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில் எங்கள் வளவில் நிற்பது ஒரு கொமட்சு டி50. போர் முடிந்து ஏ9 வீதி திறந்த பிறகு, பாவித்த நிலையில் தெற்கிலிருந்து கொண்டுவந்தது. வலிகாமம் வடக்கில் 1990இலிருந்து உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த காணிகள் கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டபோது, கண்ணிவெடி அகற்றி முடித்த இடங்களில் பற்றை வெட்டித் துப்புரவாக்குவதுதான் அதற்குப் பெரும்பாலும் வேலை. இடையிடையே கிளிநொச்சிப் பக்கம் வயல் மட்டப்படுத்தவும் போனது. செம்பாடு, சுண்ணாம்புக்கல், களி என்று மூன்று வகை நிலத்திலும் ஓட்டியதில் எனக்குத் தெளிவானது ஒன்றுதான். டோசரின் ஆயுளைத் தீர்மானிப்பவர் கராஜில் இருப்பவரல்ல, சீற்றில் இருக்கும் ஒப்பரேற்றர்.

உதாரணத்துக்கு றிவேர்ஸ் ஓட்டத்தைச் சொல்கிறேன். முன்னுக்குத் தள்ளும்போது ஸ்புறொக்கற்றின் பல், செயினின் கீழ்ப்பக்கத்தைத்தான் இழுக்கிறது. பின்னுக்குப் போகும்போது மேலே ஓடும் செயின் முழுவதும் பாரத்தோடு இறுகி நிற்கும். புஷ்ஷும் பல்லும் ஒன்றையொன்று அதிகம் அரைப்பது அப்போதுதான். பலர் மெதுவாகத் தள்ளிவிட்டு, நேரம் மிச்சம் பிடிக்கிறோம் என்று ரொப் கியரில் பின்னுக்கு ஓடுவார்கள். அந்த மிச்சத்தைச் செயின் வட்டியோடு வாங்கிக்கொள்ளும். பின்னுக்கு வரும்போது வேகத்தைக் குறையுங்கள். தள்ளும் தூரத்தை முதலே திட்டமிட்டு, வெறுமனே ஓடும் ஓட்டத்தைக் குறையுங்கள். எப்போதும் ஒரே பக்கம் திரும்பி வேலை செய்தால் அந்தப் பக்கம் முதலில் தேயும். ஆகவே காணியின் ஒரு பாதியை இடமாகவும் மறுபாதியை வலமாகவும் சுற்றி வேலை செய்வது நல்லது.

அடுத்தது செயினின் இறுக்கம். தளர்ந்தால் கழன்றுவிடும் என்ற பயத்தில் பலர் அளவுக்கு மேல் இறுக்கிவிடுகிறார்கள். இறுகிய செயின் புஷ்ஷையும் ஐட்லரையும் பலமடங்கு வேகமாகத் தின்னும். கரியர் றோலருக்கும் ஐட்லருக்கும் மேலாக ஒரு நேர்ச் சட்டத்தை வைத்து, செயின் எவ்வளவு தொய்கிறது என்று அளக்க வேண்டும். எங்கள் வகை இயந்திரத்துக்கு 20 முதல் 30 மில்லிமீற்றர் சரி. மற்ற வகைகளுக்கு அவற்றின் கைநூலைப் பாருங்கள். அளப்பது வேலை செய்யும் நிலத்திலேயே நடக்க வேண்டும். கிளிநொச்சிக் களியில் பல்லுக்குள் சேறு அடைந்து செயின் தானாகவே இறுகும். செம்பாட்டில் பார்த்த அளவோடு அங்கே ஓட்டக்கூடாது. தளர்த்தும்போது கிறீஸ் வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திறக்காதீர்கள், முகத்தை அதற்கு நேரே வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் அழுத்தத்தில் கிறீஸ் தோலைத் துளைத்துக்கொண்டு போகும்.

புஷ் ஒரு பக்கம் தேய்ந்ததும் செயினையே மாற்றச் சொல்வோர் உண்டு. அவசரப்பட வேண்டாம். எல்லை தாண்டித் தேய்வதற்கு முன் பின்னையும் புஷ்ஷையும் பிரஸ்ஸில் கழற்றி அரைவட்டம் திருப்பிப் போட்டால், தேயாத பக்கம் வேலைக்கு வரும். செயின் ஷூவின் பட்டி தேய்ந்தால் வெல்டிங்கில் புதுப் பட்டி ஒட்டலாம். றோலரையும் ஐட்லரையும் ஒட்டி நிரப்பி லேத்தில் கடையலாம். யாழ்ப்பாணத்து லேத் பட்டறைகளில் இதைச் சுத்தமாகச் செய்யும் கைகள் இருக்கின்றன. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், உதிரிப்பாகமும் எரிபொருளும் வராத எங்கள் பகுதியில், மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தலைமுறையிடம் தொழில் பழகியவர்கள் அவர்கள். ஆனால் ஸ்புறொக்கற் பல் கூராகிவிட்டால் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

மயிலிட்டி, பலாலிப் பக்கக் காணிகளில் இன்னோர் எதிரி உண்டு: பழைய முட்கம்பி. பற்றைக்குள் கிடந்து துருப்பிடித்த கம்பி ஸ்புறொக்கற்றுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு பைனல் டிரைவின் சீலை அறுக்கும். ஒயில் ஒழுகும், அந்த வழியே மண் உள்ளே போகும், ஒரு நாள் கியர் உடையும். மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போதே இறங்கிக் கம்பியை வெட்டி எடுத்துவிட வேண்டும். அதே பற்றைக்குள் கட்டில்லாத பாழ்கிணறுகளும் இருக்கும். காணிக்காரரையோ அயலில் இருந்த பெரியவர் ஒருவரையோ முன்னே நடந்து காட்டச் சொல்லாமல் நான் டோசரை இறக்குவதில்லை.

செம்பாட்டுத் தூசு மாவைப் போல மென்மையானது. எயார் பில்ரரைச் செயினில் தட்டிச் சுத்தம் செய்வதைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. மடிப்பு கிழிந்தால் பிறகு அது வடிகட்டாது. உள்ளிருந்து வெளியே, 30 பிஎஸ்ஐக்கு மேற்படாத காற்றில் ஊத வேண்டும். உட்பில்ரரை ஊதவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். பில்ரர் நன்றாக இருந்தும், எஞ்சினுக்குப் போகும் றபர் குழாயில் வெடிப்பிருந்தால் எல்லாம் வீண். அந்தக் குழாயைக் கையால் தடவிப் பாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் வலிகாமத்தார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் ஊறும் கிணறுகள். கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைதான் றேடியேற்றர் குழாய்க்குள்ளும் படியும். படிந்தால் சூடு இறங்காது, கடைசியில் ஹெட் வெடிக்கும். வடித்த நீரும் கூலன்ரும் கலந்து விடுங்கள். அவசரத்துக்கு மாரியில் பிடித்து வைத்த மழைநீர், கிணற்று நீரைவிட எவ்வளவோ மேல்.

2022ஆம் ஆண்டு நெருக்கடியில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாய்க்குப் போனது. மண்ணெண்ணெயோ அந்த ஓகஸ்ட் வரை 87 ரூபாய்தான். கிடைத்தபோதெல்லாம் கலந்து ஓடியவர்கள் பலர். டீசல் பம்புக்கு உராய்வைக் குறைப்பது அந்த டீசலேதான். மண்ணெண்ணெய் மிகுந்தால் பம்ப் தேயும், தேய்ந்தால் ஸ்ரார்ட் எடுப்பதே போராட்டம். பீப்பாயில் வைத்த டீசலைக் குறைந்தது ஒரு நாள் அசையாமல் தெளியவிட்டு, அடியில் ஒரு சாண் விட்டு எடுங்கள். வேலை முடிந்ததும் மாலையிலேயே டாங்கியை நிரப்பினால் இரவில் உள்ளே நீர் வியர்க்காது. காலையில் அடித் திருகைத் திறந்து தண்ணீர் வடியுங்கள்.

எஞ்சின் ஒயில் 250 மணித்தியாலத்துக்கு ஒரு முறை, சூடாக இருக்கும்போதே இறக்க வேண்டும். பழைய பில்ரரை வெட்டி உள்ளே உலோகத் துகள் மின்னுகிறதா என்று பார்க்கவும். ஒயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அன்றே பாஸைக் கூப்பிடுங்கள். மணித்தியாலக் கணக்கை நினைவில் வைக்காமல் கொப்பியில் எழுதுங்கள். எங்கள் கொப்பியில் ஒழுகல், சத்தம், மாற்றிய சீல் எல்லாம் திகதியோடு இருக்கின்றன. கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடும்போது அந்தக் கொப்பிதான் கையில் போகும்.

கடற்கரையோரம் வேலை செய்தால் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிவிட்டே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஐப்பசியில் மழை பிடித்தால் மார்கழி வரை டோசருக்கு ஓய்வுதான். அப்போது செயின் ஈரமண்ணில் புதையாமல் பனங்குற்றிகளின் மேல் ஏற்றி நிறுத்துங்கள். பிளேட் நிலத்தில் இருக்கட்டும். வெளியே தெரியும் சிலிண்டர்த் தண்டுகளுக்குக் கிறீஸ் பூசி, புகைக்குழாயைத் தகரத்தால் மூடி, பற்றறியைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒரு முறையாவது தகரத்தை எடுத்து, பற்றறியைப் பூட்டி, ஸ்ரார்ட் எடுத்து முன்னும் பின்னும் அசைக்க வேண்டும்.

டோசர் வைத்திருக்கும் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். இறக்கிய கழிவு ஒயிலை வளவு மூலையில் ஊற்றாதீர்கள். எங்கள் நிலத்தடியில் வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல் இருக்கிறது. மேலே ஊற்றுவது வடிகட்டப்படாமல் கிணற்றுக்குப் போகும். பக்கத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்து, அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மூடியுள்ள பீப்பாய் ஒன்றில் சேர்த்து வையுங்கள். கழிவு ஒயில் எடுப்பவர்களிடம் அதைக் கொடுங்கள்.