உரிமத்தைப் படித்தாயா, யாழினி?

கோலா கெத்தில்

அன்புள்ள யாழினி,

பெரிய மருந்து நிறுவனங்கள்தாம் மருந்தைக் கண்டுபிடிக்கின்றன, சிறு உயிர்த்தொழில்நுட்ப நிறுவனங்கள் அவற்றுக்கு எடுபிடி வேலை பார்க்கின்றன என்று உன் கட்டுரையில் எழுதியிருக்கிறாய். பட்டம் வாங்கப்போகிறவள் எழுதும் வரியா இது?

ஹெபடைட்டிஸ் சி நோய்க்கான சோஃபோஸ்புவிரை எடுத்துக்கொள். அதை உருவாக்கியது ஃபார்மசெட் என்ற சிறு நிறுவனம். அங்கிருந்த வேதியியலாளர் மைக்கேல் சோஃபியாவின் பெயரைத்தான் அந்த மருந்து சுமக்கிறது. கிலியட் என்ற பெரிய மருந்து நிறுவனம் 2011இல் ஏறத்தாழ 1,100 கோடி டாலர் பேசி அந்த நிறுவனத்தையே வளைத்துப் போட்டது. அதற்கு முன்பே ஃபார்மசெட்டும் பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் என்ற பெரிய நிறுவனமும் கைகோத்து, சோஃபோஸ்புவிரோடு ஸ்குவிப்பின் டக்லடஸ்விர் மருந்தைச் சேர்த்துச் சோதிக்கத் தொடங்கியிருந்தன. 2014 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அதன் முடிவுகள் வந்தபோது துப்பறியும் கதைபோல ஒரே மூச்சில் வாசித்தேன். பெரும்பாலோர் குணமாகியிருந்தார்கள். ஆனால் அந்தக் கூட்டை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகக் கிலியட் முன்வரவில்லை. அதன் கையிலேயே லெடிபஸ்விர் என்ற போட்டி மருந்து இருந்தது. முதலாளி மாறினால் நல்ல ஆய்வும் அநாதையாகும். பாடநூல்கள் இதை விட்டுவிட்டு ‘ஒத்துழைப்பு’ என்று பாட்டுப் பாடுகின்றன!

சரி, நம் மலேசியாவின் பக்கம் வருகிறேன். அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் 2013இல் அறிமுகமானபோது 12 வாரத்துக்கு 84,000 டாலராக இருந்தது. இந்திய நிறுவனங்கள் மலிவாகத் தயாரிக்கக் கிலியட் 2014இல் கொடுத்த உரிமத்தில் மலேசியா சேர்க்கப்படவில்லை. அதே நோய்க்கான ராவிடஸ்விர் என்ற இன்னொரு மருந்து சான் பிரான்சிஸ்கோவின் பிரெசிடியோ என்ற சிறு நிறுவனத்திடம் இருந்தது. டிஎன்டிஐ என்ற லாபநோக்கற்ற அமைப்பு அதற்கு உரிமம் பெற்று, எகிப்தின் ஃபார்கோ நிறுவனத்தையும் நம் சுகாதார அமைச்சையும் சேர்த்துக்கொண்டது. 2017இல் நம் அரசு காப்புரிமையாளரின் இசைவின்றியே சோஃபோஸ்புவிரைத் தருவிக்கச் சட்டப்படி வழி செய்தது. இரு மருந்தையும் சேர்த்து மலேசியா, தாய்லாந்தில் 301 பேருக்குக் கொடுத்தார்கள். 97 விழுக்காட்டினர் குணமடைந்தனர். ஆய்வு நடந்த இடங்களில் அலோர் ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனையும் ஒன்று. உன் தாத்தாவைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போகிறாயே, அதேதான். 2021 ஜூனில் ராவிடஸ்விர் இங்கே நிபந்தனையோடு பதிவானது.

கட்டுரையைத் திருத்தி அனுப்பு. உரிமம் எந்தெந்த நாடுகளுக்குச் செல்லும், சிறு நிறுவனம் கைமாறினால் ஒப்பந்தம் என்னாகும் என்ற இரண்டும் அதில் இல்லையென்றால் நான் படிக்கமாட்டேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்