டிராம் ஏன் பாலத்தோடு நின்றது? லண்டன் சொல்லும் பாடம்

ஒரு டிராம் பாதை எந்த வழியா போகணும்னு யார் முடிவு பண்றாங்க? சர்வே எடுத்து, பயணிகளைக் கணக்குப் பண்ணி, இன்ஜினியர்தான் முடிவு பண்ணுவார்னு சொல்வோம். லண்டன் டிராம் கதையைப் படித்தால் இந்தப் பதில் பாதிதான் சரி என்று புரியும். "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது என்பதுதான் மீதிப் பாதி.

முதல் முயற்சி

1861-ல் ஜார்ஜ் பிரான்சிஸ் ட்ரெய்ன் என்ற அமெரிக்கர் (ஆமாம், பெயரே ட்ரெய்ன்தான்!) லண்டனில் மார்பிள் ஆர்ச் அருகே குதிரை டிராம் ஓட்டிக் காட்டினார். ஆனால் அவர் பதித்த தண்டவாளத்தின் விளிம்பு சாலை மட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. மற்ற குதிரை வண்டிகளின் சக்கரங்கள் அதில் இடித்தன. சொந்த வண்டி வைத்திருந்த பணக்காரர்கள் கொதித்துப் போனார்கள். கொஞ்ச காலத்திலேயே பாதையைப் பெயர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு சாலை மட்டத்தோடு பதியும், பள்ளம் வைத்த தண்டவாளம் வந்தது. தொழில்நுட்பச் சிக்கல் தீர்ந்தது. அரசியல் சிக்கல் அப்போதுதான் ஆரம்பம்.

1870 டிராம் சட்டம்

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1870-ல் கொண்டுவந்த டிராம் சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டியவை நான்கு:

1. உள்ளாட்சியின் சம்மதம் வேண்டும். பாதை பல பகுதிகள் வழியாகப் போனால், மொத்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்காவது சம்மதம் கிடைக்க வேண்டும்.
2. தண்டவாளத்துக்கும் நடைபாதை ஓரத்துக்கும் நடுவே ஒன்பதரை அடி இடைவெளி இல்லாத குறுகிய தெருக்களில், தெருவை ஒட்டிய கட்டடக்காரர்களில் மூன்றில் ஒரு பங்கினர் எதிர்த்தாலே திட்டத்தைத் தடுக்கலாம்.
3. தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட சாலையையும், இருபுறமும் 18 அங்குலத்தையும் டிராம் நிறுவனமே பராமரிக்க வேண்டும்.
4. 21 ஆண்டுகள் கழித்து உள்ளாட்சி அந்தப் பாதையை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

இதெல்லாம் நியாயமாகத்தானே இருக்கு? தனியார் நிறுவனம் பொதுச் சாலையைத் தன் இஷ்டத்துக்குத் தோண்டக் கூடாதுதான். ஆனால் விளைவைப் பாருங்க. பணக்காரர்கள் வாழ்ந்த வெஸ்ட் எண்டிலும், வணிக மையமான சிட்டியிலும் எதிர்ப்பு பலமாக இருந்ததால் டிராம் பெரும்பாலும் அவற்றின் எல்லையோடு நின்றுவிட்டது. தொழிலாளிகள் வேலைக்குப் போன இடமோ நகரின் மையம்!

பாலத்தின் மேல் ஒரு சண்டை

இதன் உச்சம் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம். 1889-ல் உருவான லண்டன் கவுண்டி கவுன்சில் டிராம்களை ஒவ்வொன்றாக வாங்கி, 1903-ல் தெற்கு லண்டனில் மின்சார டிராம் ஓட்டத் தொடங்கியது. தெற்கிலிருந்து வந்த டிராம் பாலத்தின் முனையில் நின்றுவிடும். மழையோ குளிரோ, பயணிகள் இறங்கி நடந்துதான் தேம்ஸைக் கடக்கணும். பாலத்தைக் கடக்க அனுமதி கேட்டு கவுன்சில் திரும்பத் திரும்ப மசோதா கொண்டுவந்தது. பாலத்தில் நெரிசல் அதிகமாகும் என்ற வாதம் எழுந்தது. பிரபுக்கள் சபை தடுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் 1906-ல்தான் அனுமதி கிடைத்து, அந்த டிசம்பரில் டிராம் பாலத்தைத் தாண்டியது. பாலம் அதே பாலம்தான். மாறியது அனுமதி மட்டும்.

சர்க்யூட்டையே மாற்றிய அனுமதி

இது நம்ம ஈஇஇ நண்பர்களுக்கு. மேலே கம்பி கட்டி மின்சாரம் எடுப்பது செலவு குறைந்த முறை. ஆனால் கம்பி கட்ட அந்தந்தப் பகுதி மன்றங்களின் சம்மதம் தேவைப்பட்டது. தெருவின் அழகு கெடும் என்ற எதிர்ப்பும் இருந்தது. அதனால் கவுன்சில், சாலைக்கு அடியில் கால்வாய் வெட்டி அதற்குள் மின்தடம் வைக்கும் 'கண்ட்யூட்' முறையைத் தேர்ந்தெடுத்தது. செலவு அதிகம், குப்பையும் தண்ணீரும் புகும். மேல்கம்பி உள்ள பகுதிக்குள் நுழையும் எல்லையில், டிராமின் அடியிலிருக்கும் மின்தொடர்புக் கருவியைக் கழற்றிவிட்டு மேலே கம்பத்தைத் தூக்கிவிட வேண்டும்! 1895-ல் தொடங்கிய நம்ம மெட்ராஸ் மின்சார டிராமும் முதலில் கண்ட்யூட் முறையில்தான் ஓடியது. மழைத் தண்ணீர் படுத்திய பாட்டில் பிறகு மேல்கம்பிக்கு மாறினார்கள்.

நூறு வருஷம் கழித்து

1952-ல் லண்டன் தன் பழைய டிராம்களை நிறுத்தியது. 2000-ல் புறநகரான கிராய்டனில் டிராம் திரும்பி வந்தது. அடுத்து, மேயர் கென் லிவிங்ஸ்டன் காலத்தில் மேற்கு லண்டனின் அக்ஸ்பிரிட்ஜ் சாலையில் டிராம் விடத் திட்டமிட்டார்கள். கார்கள் பக்கத்துத் தெருக்களில் புகுந்துவிடும் என்று குடியிருப்பவர்கள் பயந்தார்கள். வழியில் இருந்த மூன்று கவுன்சில்களும் எதிர்த்தன. 2006 உள்ளாட்சித் தேர்தலில் ஈலிங் பகுதியில் இதுவே பெரிய பிரச்சினை. அங்கே ஆட்சியும் மாறியது. 2007-ல் திட்டம் கைவிடப்பட்டது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

எதிர்த்தவர்கள் எல்லாரும் வில்லன்கள் இல்லை. தெருவில் குடியிருப்பவருக்கும் ஒரு குரல் வேணும். ஆனால் தெருவோரக் கடைக்காரருக்குச் சட்டத்தில் ஓட்டு இருந்தது. தினமும் பாலத்தை நடந்து கடந்த தொழிலாளிக்கு அப்படி ஒன்று இல்லை. அடுத்த முறை ஒரு போக்குவரத்துத் திட்ட அறிக்கை கையில் கிடைத்தால், வரைபடத்தோடு சேர்த்து இதையும் தேடிப் பாருங்க: இதில் யாருடைய சம்மதம் கேட்கப்படுகிறது, யாரைக் கேட்கவே இல்லை?