மத்தி வரும் ஆண்டும் வாராத ஆண்டும்

விடுதிச் சாப்பாட்டறையில் தட்டில் மத்தி விழுந்தால் முகம் சுளிக்கும் நண்பர்கள் நம் சங்கத்தில் சிலர் உண்டு. முள் அதிகம், வாடை அதிகம் என்பது அவர்கள் கட்சி. அதை எதிர்த்து வாதாட நான் வரவில்லை. ஓராண்டாக இம்மீனை அளந்தும் அறுத்தும் வருபவன் என்ற முறையில் ஒரு புதிரை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

2012-ஆம் ஆண்டில் கேரளக் கரையில் பிடிபட்ட மத்தி ஏறக்குறைய 4 லட்சம் டன். 2021-இல் பிடிபட்டதோ 3,500 டன்னுக்கும் குறைவு. கடல் அதே கடல். வள்ளங்களுக்கும் வலைகளுக்கும் பஞ்சமில்லை. மீன் எங்கே போயிற்று?

முதலில் மீனை அறிந்துகொள்வோம். எங்கள் குளச்சல் பக்கத்தில் இதைச் சாளை என்போம். சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ் என்பது நூற்பெயர். 1847-இல் வலென்சியென் என்னும் பிரெஞ்சு அறிஞர் இட்டது. நீண்ட தலையுடையது என்று பொருள். நீளம் 20 சென்டிமீட்டர் அளவு. 23-ஐத் தாண்டுவது அரிது. வயிற்றோரம் இரம்பம்போல் இருக்கும். மீன்கள் கூட்டமாக நீந்தத் துணைசெய்வது உடலின் பக்கக்கோடு என்று படித்திருந்த நான், ஆய்வுக்கூடத்தில் முதல் நாள் அரைமணி நேரம் அக்கோட்டைத் தேடினேன். சாளை இனத்துக்கு உடலில் அக்கோடே கிடையாது! கண்ணும், தலையிலுள்ள உணர்குழல்களும், காற்றுப்பையோடு இணைந்த உட்செவியும் அவ்வேலையைப் பார்க்கின்றன. பக்கத்து மேசைக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இதன் உணவில்தான் புதிரின் முதல் முடிச்சு உள்ளது. செவுளின் உட்புறத்தில் சீப்புப் பற்கள் போன்ற முட்கள் நெருங்கி நிற்கின்றன. கீழ்ப்பாதியில் மட்டும் 150 முதல் 253 வரை எண்ணலாம். வாயில் புகும் நீர் இச்சல்லடை வழியே வெளியேற, டயாட்டம் என்னும் நுண்பாசிகள் தங்கிவிடுகின்றன. ஃபிராஜிலேரியா ஓஷியானிகா என்ற டயாட்டம் பெருகினால் மத்தியும் பெருகிவரும் என்று நாயர், சுப்பிரமணியன் என்ற இருவர் 1955-இலேயே எழுதினர்.

அப்பாசி பெருகுவது எதனால்? தென்மேற்குப் பருவக்காலத்தில் கரையோர மேல்நீரைக் காற்று அப்பால் தள்ளுகிறது. அவ்விடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. உரச்சத்து நிறைந்த அந்நீரில் வெயில் பட்டதும் பாசி செழிக்கும். மத்தி முட்டையிடுவதும் சூன் முதல் செப்டம்பர் வரையுள்ள இக்காலத்தில்தான். முட்டை ஒரு நாளளவில் பொரிந்துவிடும். குஞ்சுக்கு உடனே இரை வேண்டும். மேலெழுச்சி மெலிந்தால் இரை இல்லை. மிஞ்சினாலோ, உயிர்வளி குறைந்த ஆழநீர் கரைவரை ஏறி மீனை விரட்டும்.

மத்தி ஓராண்டில், 15 சென்டிமீட்டர் அளவில், முதிர்ந்துவிடும். வாழ்நாளோ இரண்டரை ஆண்டு அளவுதான். ஆகவே வலையில் விழும் கூட்டத்தில் பெரும்பகுதி கடந்த பருவத்தில் பிறந்த பிள்ளைகளே. நெடுங்காலம் வாழும் மீனுக்கு ஓராண்டு முட்டை பொய்த்தாலும் பழைய தலைமுறைகள் கைகொடுக்கும். மத்திக்கு அச்சேமிப்பு இல்லை. இரண்டு பருவம் தொடர்ந்து பொய்த்தால் கடல் வெறுமை. 2015-இன் எல் நினோ வெப்பம் ஒரு காரணம், அதற்கு முந்திய மிகைப்பிடிப்பு மற்றொன்று என்பது ஆய்வாளர் கருத்து. என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் அழுத்திச் சொல்வேன். காற்றை நாம் ஆள முடியாது, வலையை ஆளலாம். 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கேரளத்தில் 2015 முதல் தடை இருக்கிறது. ஆயின் 10 சென்டிமீட்டர் மீனும் இன்னும் தாயாகாத மீன்தானே?

சென்ற மாதம் காளமுக்குத் துறையில் அளவுப்பலகையோடு உட்கார்ந்திருந்தேன். கூடை சுமக்கும் அம்மையார் ஒருவர், “மோனே, அடுத்த கொல்லம் மத்தி உண்டாகுமோ?” என்று கேட்டார். “மழை எப்படி என்று பார்த்துச் சொல்கிறேன், சேச்சி” என்றேன். அது தமக்கும் தெரியும் என்று சிரித்து, என் வாளியில் ஆறு மீன் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போனார்.